இறந்துபோன மூதாதையும் இறவாத பாடநூலும்

2023 ஏப்ரலில் இந்திய அறிவியலாளர்களும் ஆசிரியர்களுமாக 1,800-க்கும் மேற்பட்டோர் ஒரு திறந்த மடலில் கையொப்பமிட்டனர். என்சிஇஆர்டியின் 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபுவழி' என்று மட்டும் சுருக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த மடல் அது. மேல்நிலையில் உயிரியலைத் தேர்ந்தெடுக்காத மாணவர், பரிணாமம் என்ற சொல்லையே வகுப்பறையில் கேளாமல் பள்ளியை விட்டு வெளியேறுவார் என்ற அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. பாடம் 12-ஆம் வகுப்பில் இருக்கிறதே என்று நிறுவனம் அளித்த விடை அக்கவலையைத் தீர்க்கவில்லை.

ஆயினும் ஒரு வினா கேட்கப்படாமலே கிடக்கிறது. நீக்கப்பட்டதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் எத்தனை பேர், நீக்கப்படாமல் எஞ்சியிருப்பதைத் திறந்து வாசித்தனர்? 12-ஆம் வகுப்பு உயிரியல் நூலில் மனிதனின் தோற்றம் பற்றிய பகுதி ஓரிரு பத்திகளே. ஆண்டுதோறும் நீட் தேர்வெழுதும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் அதை வரிபிசகாமல் மனப்பாடம் செய்கின்றனர். நாளைய மருத்துவர்களுக்கு மானுடப் பரிணாமம் பற்றிக் கிடைக்கும் முதல் பாடமும் பெரும்பாலும் கடைசிப் பாடமும் அதுவே. அந்தப் பத்திகள் கற்பிப்பது இன்றைய அறிவியலை அன்று. 1960-களின் அறிவியலை, அதிலும் கைவிடப்பட்ட பகுதியை.

தொடக்கமே ராமாபிதிகஸ். 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டிரையோபிதிகஸ், ராமாபிதிகஸ் என இரண்டு முதனிகள் வாழ்ந்தன. முன்னது குரங்கை ஒத்தது, பின்னது மனிதனை ஒத்தது. இரண்டும் கொரில்லா, சிம்பன்சி போல நடந்தன என்கிறது நூல். இந்த ராமாபிதிகஸின் கதை இந்திய மாணவர் கட்டாயம் அறியவேண்டிய கதை. அறியவேண்டிய காரணம்தான் வேறு.

யேல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் எட்வர்ட் லூயிஸ் 1932-இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதால்யங்கரில், சிவாலிக் படிவுகளிலிருந்து ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்தார். 1934-இல் அதற்கு இராமனின் பெயரைச் சூட்டினார். அன்று அதைப் பெரிதாக மதித்தோர் சிலரே. 1961-இல் எல்வின் சைமன்ஸ் அதே துண்டை மீண்டும் கையிலெடுத்து, பற்களின் வரிசை மனிதனைப் போல வளைந்து விரிகிறது என்றார். டேவிட் பில்பீமும் உடன்சேர்ந்தார். தாடையின் நடுக்கோடு அந்தத் துண்டில் இல்லை. எனவே வளைவின் வடிவம் அளக்கப்பட்டதன்று, ஊகித்து வரையப்பட்டது. கோரைப்பல் சிறிதாக இருந்திருக்கும், சிறிதெனில் அதன் வேலையைக் கருவிகள் செய்திருக்கும், கருவிகள் இருந்தால் கைகள் நடையிலிருந்து விடுபட்டிருக்கும், ஆகவே அது நிமிர்ந்து நடந்தது! ஓர் இடுப்பெலும்போ தொடையெலும்போ பாதமோ கையில் இல்லாமல், சில பற்களிலிருந்து இருகால் நடை வருவிக்கப்பட்டது.

1967-இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்கப் பெருங்குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ ஐந்து மில்லியன் ஆண்டுகளே ஆயின என்றனர். எலும்பாய்வாளர்கள் நெடுங்காலம் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் பில்பீமின் குழுவுக்கே ஒரு சிவாபிதிகஸின் முகம் கிடைத்தது. அதை அவர் 1982-இல் வெளியிட்டார். குறுகிய கண்ணிடைவெளி, நீள்வட்டக் கண்குழி, குழிந்த முகம் எல்லாம் ஒராங்குட்டானை நினைவூட்டின. ராமாபிதிகஸ் எனப்பட்டவை சிவாபிதிகஸின் சிறிய உருவங்களே என்பது தெளிவாயிற்று. பெயரிடலில் மூத்தது சிவாபிதிகஸ் ஆதலால் இராமனின் பெயர் விலகிச் சிவனின் பெயர் நிலைத்தது. பில்பீம் தம் கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். தம் புகழுக்கு அடித்தளமான ஒன்றைத் தாமே பெயர்த்தெடுத்தவரின் செயலைப் பாராட்ட வேண்டிய நாட்டில், அவர் பெயர்த்தெடுத்த கல்லை வைத்தே நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பாடம் நடக்கிறது.

இதைச் சிறு பிழை என ஒதுக்குவோர், அதனை அடுத்து வருவனவற்றையும் பார்க்கட்டும். இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆஸ்ட்ரலோபிதிகஸ் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்தது, கல்லாயுதங்களால் வேட்டையாடியது, ஆனால் பெரிதும் பழம் உண்டது என்கிறது நூல். எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974-இல் கிடைத்த லூசி 3.2 மில்லியன் ஆண்டுப் பழமையது, அதுவும் ஆஸ்ட்ரலோபிதிகஸ்தான். இக்குடியின் மூத்த சான்றுகள் நான்கு மில்லியன் ஆண்டுகளைத் தாண்டுகின்றன. வேட்டைக்காரப் படிமமோ ரேமண்ட் டார்ட் தம் பிற்காலத்தில் கட்டிய கொலைகாரக் குரங்குக் கருதுகோளின் எச்சம். தென்னாப்பிரிக்கக் குகை எலும்புகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த சி. கே. பிரெய்ன், அவ்வெலும்புகளைக் குவித்தவை பெரிதும் சிறுத்தை போன்ற ஊனுண்ணிகளே எனக் காட்டினார். ஒரு மண்டையோட்டில் இருந்த இரு துளைகள் சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்களுக்குச் சரியாகப் பொருந்தின. டவுங் குழந்தையின் கண்குழித் தழும்புகள் ஒரு பெரிய கழுகின் அலகையும் உகிரையும் சுட்டுகின்றன. வேட்டையாடியவர்களாக மாணவர் படிப்பது வேட்டையாடப்பட்டவர்களை. கென்யாவின் லொமெக்வியில் 3.3 மில்லியன் ஆண்டுக் கற்கருவிகள் கிடைத்துள்ளன என்பது உண்மை. கல்லை உடைத்தார்கள் என்பதிலிருந்து வேட்டையாடினார்கள் என்று தாவுவதற்குச் சான்று வேண்டும்.

ஹோமோ ஹாபிலிஸ் இறைச்சி உண்டிருக்காது என்பது அடுத்த வாக்கியம். ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் 1.8 மில்லியன் ஆண்டு எலும்புகளில் கல்லால் அறுத்த தழும்புகளும் மச்சைக்காக உடைத்த தடங்களும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவாகிவிட்டன. நியாண்டர்தால் மனிதன் அண்மைக் கிழக்கிலும் நடு ஆசியாவிலும் வாழ்ந்தானாம்! நியாண்டர் பள்ளத்தாக்கு ஜெர்மனியில் இருக்கிறது.

ஆயினும் இவற்றுள் எதையும்விட ஆழமான பிழை பாடத்தின் அமைப்பிலேயே உள்ளது. உயிரினங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மூளையின் கன அளவோடு அடுக்கப்படுகின்றன. 650 முதல் 800 கன சென்டிமீட்டர், பிறகு 900, பிறகு 1,400. 2019 நீட் தேர்வில் பெயர்களையும் மூளை அளவுகளையும் பொருத்துக என்றே ஒரு வினா வந்தது. அவ்வினாவில் நியாண்டர்தாலுக்கு 1,400, ஹோமோ சேப்பியன்ஸுக்கு 1,350. மூளைதான் ஏணி என்றால் அதன் உச்சிப்படியில் நிற்பது யார் என்று வினா அமைத்தவர் ஒருகணம் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

மூளை முதலில் வளர்ந்தது, உடல் பின்தொடர்ந்தது என்ற நம்பிக்கை அறிவியலுக்கு ஏற்கெனவே பெருங்கேடு செய்திருக்கிறது. 1912-இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட மண்டையோடு பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்டிருந்தது. எதிர்பார்த்தது எதிர்பார்த்த வடிவிலேயே, அதுவும் இங்கிலாந்து மண்ணிலேயே வந்து சேர்ந்ததால் அறிஞர் பலர் அகமகிழ்ந்தனர். 1925-இல் டார்ட் டவுங் குழந்தையை வெளியிட்டபோது அதன் மூளை சிறியது. ஆனால் தண்டுவடம் புகும் துளை மண்டையோட்டின் அடியில் முன்தள்ளி இருந்தது. தலை முதுகெலும்பின் மேல் நிமிர்ந்து அமர்ந்திருந்தது என்பதே அதன் பொருள். ஆர்தர் கீத் உள்ளிட்ட பெரியோர் அதை ஏற்கவில்லை. தாம் தவறென்று கீத் ஒப்புக்கொள்ள 1947 ஆயிற்று. பில்ட்டவுன் மோசடி என அம்பலப்பட 1953 ஆயிற்று. அந்தத் தாடை ஒராங்குட்டானுடையது. அரை நூற்றாண்டில் இருமுறை, ஒருமுறை மோசடியாலும் மறுமுறை ஆர்வத்தாலும், ஒராங்குட்டான் வழியினரின் தாடை மனித மூதாதையின் தாடையாகக் கொண்டாடப்பட்டது. முன்னதை எல்லோரும் மறந்தாயிற்று. பின்னது இந்தியப் பாடநூலில் தேர்வுக்குரியது.

எலும்புகள் சொல்லும் வரிசை வேறு. லூசியின் இடுப்பெலும்பு குட்டையானது, அகன்றது, கிண்ணம் போன்றது; தொடையெலும்பு முழங்காலை நோக்கி உள்சாய்ந்து ஒற்றைக்காலில் உடலைத் தாங்குகிறது. அவளினத்தின் மூளையோ சிம்பன்சியினதைவிடச் சற்றே பெரிது. தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கியின் குழு 1978-இல் வெளிப்படுத்திய காலடித் தடங்கள், மழையில் நனைந்த எரிமலைச் சாம்பலில் 3.66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பதிந்தவை. பெருவிரல் மற்ற விரல்களோடு ஒருவரிசையில் நிற்கிறது. குதிகால் முதலில் ஊன்றுகிறது. கற்கருவியின் முதற்சான்றுக்கும் மூளையின் பெருக்கத்துக்கும் முன்பே அந்த நடை வந்துவிட்டது. மனித வழியின் முதல் அடையாளம் காலில் இருந்தது.

அந்த நடையும் ஒரே நேர்க்கோட்டில் வரவில்லை. 4.4 மில்லியன் ஆண்டுப் பழமையான ஆர்டிபிதிகஸ் நிலத்தில் இருகாலில் நடந்திருக்கிறது. ஆனால் கிளையைப் பற்றும் பெருவிரலை இழக்கவில்லை. அது வாழ்ந்தது மரங்கள் நிறைந்த நிலம் என்கின்றனர் அதைக் கண்டெடுத்தோர். விரல்முட்டு ஊன்றி நடந்ததற்கான தடயம் அதன் கையில் இல்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். அது சரியெனில், தொல்முதனிகள் கொரில்லா போல நடந்தன என்ற பாடநூல் வாக்கியம் இன்னும் ஒருமுறை உடைகிறது. லூசியின் காலத்திலேயே, ஹடாருக்கு அருகே புர்டெலேயில், பற்றும் பெருவிரல் கொண்ட வேறோர் இனத்தின் பாதம் கிடைத்தது. அதாவது, ஒரே காலத்தில் இருவகை நடைகள். மறுமுனையில், தென்னாப்பிரிக்காவின் ஹோமோ நலெடி மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை 465 முதல் 610 கன சென்டிமீட்டர் மூளையோடு வாழ்ந்திருக்கிறது. இதை எந்த ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவது?

2018 ஜனவரியில் ஓர் ஒன்றிய இணையமைச்சர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, ஆகவே டார்வின் தவறு என்றார். மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டறிக்கை விட்டன. சமூக ஊடகங்கள் சிரித்தன. ஆனால் அமைச்சர் மறுத்த சித்திரம் எது? கூன்விழுந்த குரங்கு வலப்புறம் நகர நகர நிமிர்ந்து மனிதனாகும் ஊர்வலம். பாடநூல் கற்பிக்கும் சித்திரமும் அதுவே. ஒருவர் அதை மறுக்கிறார், மற்றவர் அதை ஏற்கச் சொல்கிறார். இருவருக்கும் நடுவே நிற்கும் மாணவருக்குக் கிளைவிட்ட மரம் காட்டப்படவே இல்லை.

இவ்வாறு பேசுவது பரிணாம எதிர்ப்பாளருக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று கல்விப்புலத்தில் ஒரு முணுமுணுப்பு உண்டு. அந்த ஆயுதம் பல ஆண்டுகளாகப் பாடநூலிலேயே கிடக்கிறது. இணையத்தில் ராமாபிதிகஸைத் தேடும் மாணவர் ஐந்து நிமிடத்தில் அதைக் கண்டெடுப்பார். ஆசிரியர் சொல்லாத திருத்தத்தை எதிர்ப்பாளர் சொல்லும்போது மாணவர் யாரை நம்புவார்? பள்ளிக்கு எளிமை வேண்டும் என்பது இன்னொரு சமாதானம். எளிமை வேண்டும்தான். சாடின் சஹெலாந்த்ரோபஸின் தொடையெலும்பை 2020-இல் ஒரு குழு இருகால் நடைக்கு எதிராகவும் 2022-இல் மற்றொரு குழு ஆதரவாகவும் வாசித்தன. ஒரே எலும்பு, இரு முடிவுகள். பதினேழு வயதினருக்கு இதை விளக்க ஒரு பத்தி போதும். மூன்று மூளை அளவுகளை மனப்பாடம் செய்வதைவிட அது கடினமன்று.

எல்லாவற்றிலும் மோசமானது கடைசியில் வருகிறது. ஹோமோ சேப்பியன்ஸ் ஆப்பிரிக்காவில் தோன்றிக் கண்டங்களெங்கும் பரவித் தனித்தனி இனங்களாக வளர்ந்தது என்று நூல் கூறுகிறது. தற்கால மனிதன் தோன்றியது 75,000 ஆண்டுகளுக்கு இப்பால் என்றும் கூறுகிறது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2017-இல் வெளியாயிற்று. காலக்கணக்காவது எண்ணை மாற்றினால் சரியாகும். 'தனித்தனி இனங்கள்' அப்படிப்பட்டதன்று. மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு எந்த ஒரு மக்கள்கூட்டத்துக்குள்ளேயும் காணப்படுவது என 1972-இலேயே ரிச்சர்ட் லெவன்டின் கணக்கிட்டார். ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதியைத் தரவரிசைப்படுத்திய நாடு இது; அவரே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கினார். அத்தகைய நாட்டின் உயிரியல் நூலில் அவ்வாக்கியம் நிற்பதைப் பற்றி எந்த மடலும் எழுதப்படவில்லை.

சிவாலிக்கை விட்டுக்கொடுத்தால் மானுடக் கதையில் இந்தியாவுக்கு இடமில்லாமல் போகும் என்ற ஆதங்கமும் தேவையற்றது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு அகழ்ந்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 1.5 மில்லியன் ஆண்டுப் பழமையுடையவை என 2011-இல் நிறுவப்பட்டது. நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சோனாகியா 1982-இல் கண்டெடுத்த மண்டையோடு இருக்கிறது. அது எவ்வினத்தது என்ற வாதமும் இருக்கிறது. மனிதனின் தோற்றம் பற்றிய அந்தப் பத்திகளில் இரண்டுக்கும் இடமில்லை.

புதிய கலைத்திட்டத்தின்படி என்சிஇஆர்டி பாடநூல்கள் வகுப்பு வகுப்பாக மாற்றி எழுதப்பட்டு வருகின்றன. 12-ஆம் வகுப்பு உயிரியலின் முறையும் வரும். 1,800 கையொப்பங்களைத் திரட்ட முடிந்த கல்விப்புலத்தால், இரண்டு பத்திகளை வரிவரியாகத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் உரிய ஆய்வைச் சுட்டி, அந்நூல் அச்சேறும் முன் பொதுவெளியில் வைக்க முடியும். முதல் வரியில் ராமாபிதிகஸ் இருக்கட்டும். 1932-இல் எங்கே கிடைத்தது, 1961-இல் ஏன் நம்பினர், 1982-இல் ஏன் கைவிட்டனர் என்ற மூன்று வாக்கியங்களோடு இருக்கட்டும்.