சமுத்திர ஆராய்ச்சியும் பாலாறும்

இந்து மகா சமுத்திரம் பெயரால் நம்முடையது. அதன் ஆழத்தை அளந்தவரோ நெடுங்காலம் அந்நியர். 1872-ல் புறப்பட்ட சாலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் கயிற்றில் குண்டு கட்டி உலகக் கடல்களின் ஆழம் பார்த்தது. பின்னர் ஒலியை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தால் கணிக்கும் முறை வந்தது.

சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார், மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல மத்ஸ்யா என்ற கலத்தைச் சமைத்து, 2025-ல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறக்கிச் சோதித்தனர். அவ்வாழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் ஏறக்குறைய 600 மடங்கு! முயற்சி போற்றத்தக்கதே.

ஆயினும், இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட பாலாறு சதுரங்கப்பட்டினத்தருகே கடல் சேர்கிறது. ஆழ்கடலில் இறங்குவோர்க்கு அங்கே முழங்காலளவு நீரில் இறங்குவது அரிதன்று. அம்முகத்துவாரத்தின் நீரையும் சேற்றையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழிலேயே சர்க்கார் வெளியிடட்டும்.