தரகர் யார் பக்கம்?

நகையை அடகு வைத்து, சீட்டுப் பணம் எடுத்து, கடன் பட்டு வீடு வாங்குகிறோம். ஆனால், வீடு காட்டும் தரகரிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை: "ஐயா, நீங்கள் யார் பக்கம்?"

கேட்க வேண்டும். நம் ஊரில் பல தரகர்கள் விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறார்கள், வாங்குபவரிடமும் வாங்குகிறார்கள். விலை ஏறினால் கமிஷனும் ஏறும். உழைப்புக்குக் கூலி வாங்குவது தப்பில்லை. மறைப்பதுதான் தப்பு.

சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். வீட்டுக்காரர் 40 லட்சம் என்பார். தரகர் உங்களிடம் 43 லட்சம் என்பார். நடுவில் உள்ள 3 லட்சம் அவர் மடியில்! இப்படித் தனக்குத் தெரியாமல் அடித்த லாபத்தை, தரகரை அமர்த்தியவர் கேட்டு வாங்கலாம் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். கேட்டு வாங்க, முதலில் தெரிய வேண்டுமே! ஆகவே, விலையை வீட்டுக்காரர் வாயாலேயே கேளுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்றுத் தரும் தரகர், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி தானும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒருவர் குடியிருந்து விற்கும் பழைய வீட்டுக்கு இந்தக் காவல் இல்லை. அங்கே நாம்தான் விழித்திருக்க வேண்டும்.

"பத்திரமெல்லாம் சுத்தம்" என்பார் தரகர். அவர் வக்கீல் அல்ல. வில்லங்கச் சான்றை நீங்களே எடுங்கள். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். தரகர் கூட்டி வரும் வக்கீலிடம் அல்ல. அட்வான்சைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் பெயருக்குப் பாங்கி மூலம் செலுத்தி, அன்றைக்கே ரசீது வாங்குங்கள்.