மலசலகூடமும் ஒரு மருந்துதான்

வட்டவளை என்றதும் பலருக்கும் மழையே ஞாபகத்துக்கு வரும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் ஊர் அது. அண்மையில் அங்குள்ள தோட்டமொன்றுக்கு ஒரு மரண வீட்டுக்காகச் சென்றிருந்தபோது, பக்கத்து லயத்து இளந்தாய் ஒருவருடன் பேச நேர்ந்தது. கொழுந்து பறிப்பவர். மூத்த பிள்ளைக்கு நான்கு வயது; கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்.

பல மாதங்களாக அவருக்கு இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டம். முதலில் சீதபேதி என்றார்கள். பின்னர் மூலம் என்றார்கள். இறுதியில் பெரிய ஆஸ்பத்திரியொன்றில் குழாய் செலுத்திப் பார்த்து, 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' எனப்படும் பெருங்குடல் புண் நோய் என்று முடிவு செய்தார்கள். மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு மாற்ற முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

"வருத்தத்துக்குக்கூட பயமில்ல ஐயா. மலையில ஒதுங்க எடமில்ல. அடிக்கடி நிரைய விட்டுப் போனா கங்காணி கேப்பாரு. என்னான்னு சொல்றது?" என்றார். அதனால் காலையில் அவர் உண்பதுமில்லை, தண்ணீர் குடிப்பதுமில்லை. இரத்தம் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வந்துவிட்டது.

இந்த நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில், அதாவது பிள்ளை வளர்க்கும் பருவத்தில்தான் தலைகாட்டுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குவதால் வருவது இது. தொற்றாது; குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம், சமைத்து ஊட்டலாம். நோயாளிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதுமில்லை. வழக்கமான மருந்துகளில் பலவற்றைக் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் வைத்தியரின் ஆலோசனையுடன் தொடரலாம். சுகமாக இருக்கும்போதும் மாத்திரையை விடக்கூடாது என்பதே முதல் விதி.

ஜப்பானின் பிரதமராயிருந்த ஷின்சோ அபேக்கும் இதே நோய்தான். பதின்ம வயதிலிருந்தே அவரைத் தொடர்ந்த அது, 2007 இலும் 2020 இலும் அவர் பதவி விலகக் காரணமாயிற்று. இடையில் புதிய மருந்தின் துணையோடு 2012 இல் மீண்டும் பிரதமரானார். நோயை உலகறியச் சொல்லவும், ஓய்வெடுக்கவும், திரும்பி வரவும் அவரால் முடிந்தது. நம் தோட்டத்துப் பெண்ணோ நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அதாவது பாதிநாட் சம்பளம்.

கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்று, ஓர் இலட்சம் பேரில் சுமார் ஐவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வைத்தியசாலைக்கு வந்தவர்களின் கணக்கு அது. வெட்கத்தால் வராதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலையை 2017 மே மாதத்தில் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நல்ல காரியம். ஆனால் எந்த வைத்தியசாலையும் நோயாளியுடன் தேயிலை மலைக்கு ஏறி வராது. செங்குத்தான மலையில் எங்கே மலசலகூடம் கட்டுவது என்று நிர்வாகங்கள் கேட்கலாம். கொழுந்து நிறுக்கும் இடங்கள் இருக்கின்றனவே! அங்கெல்லாம் தண்ணீர் வசதியுடன் ஒன்று கட்டினால் போதும். நீரிழிவுக்காரருக்கும், கர்ப்பிணிக்கும், மாதவிடாய்ப் பெண்ணுக்கும் அது உதவும். கிளினிக் செல்லும் நாளுக்குச் சம்பளம் வெட்டாமலிருப்பதும், நோய் கூடும் நாட்களில் இலகுவான வேலை கொடுப்பதும் தொழிற்சங்கங்கள் பேசிப் பெறக்கூடியவையே. சம்பள உயர்வுக்காகக் குரல் கொடுக்கும் தலைவர்கள் இதையும் பேசவேண்டும்.

விடைபெறும்போது அந்தப் பெண்ணிடம் இரண்டு விடயங்களைச் சொன்னேன். அடுத்த கிளினிக்வரை காத்திராமல் போய், மாத்திரையை நிறுத்தியதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணவரிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். மூன்றாவதைச் சொல்ல வேண்டியது அவரிடமல்ல. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.