அந்தச் சித்தி கெட்டவங்களா?

ஆடி வெள்ளி கூழ் ஊத்துற வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சது. விடிகாலையில வந்து அடுப்பு மூட்டுனவங்க, அண்டா கழுவுனவங்க, பந்தல் பிரிச்சவங்க எல்லாருக்கும் நன்றி. அம்மன் துணை இருக்கட்டும்.

இன்னிக்கு எழுதப் போறது கோயில் கணக்கு இல்ல. கொஞ்சம் நீளமா இருக்கும். பிள்ளை வளர்க்கிறவங்க, முக்கியமா அடுத்தவங்க பெத்த பிள்ளையை வளர்க்கிறவங்க, நேரம் ஒதுக்கிப் படிங்க.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க மக ஒரு ஜப்பான் தொலைக்காட்சி நாடகத்தைப் போட்டுக் காட்டுச்சு. 2005-ல போர் முடிஞ்சு 60 வருஷம் ஆனதுக்காக ஜப்பான்ல எடுத்தது. 'மின்மினிப் பூச்சிகளின் கல்லறை'ன்னு தமிழ்ல சொல்லலாம். இதே கதை 1988-ல தகாஹாதா இசாவோ எடுத்த கார்ட்டூன் படமா வந்திருக்கு, நம்மள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. நாங்க வேலை செய்யிறது பிறையில ஒரு தொழிற்சாலை. மூணு ஷிப்ட் பார்க்கிற சூப்பர்வைசர் வேலை. நாடகம் பார்க்க உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல தூங்கிடுற ஆளுங்க. அன்னிக்குத் தூக்கம் வரல.

கதை இதுதான். 1945 ஜூன் மாசம் கோபே நகரத்துல அமெரிக்க விமானங்கள் குண்டு போடுது. செய்தான்னு 14 வயசுப் பையன், அவனுக்கு 4 வயசுல ஒரு தங்கச்சி. அப்பா கடற்படையில போயிட்டாரு. அம்மா தீக்காயத்துல இறந்து போறாங்க. ரெண்டு பிள்ளைங்களும் சொந்தக்கார அம்மா ஒருத்தங்க வீட்டுக்கு வந்து சேருதுங்க. முதல்ல சோறு கிடைக்குது. போகப் போகக் கஞ்சி தண்ணியா ஆகுது. செத்துப் போன அம்மாவோட பட்டுத் துணிங்க அரிசியா மாறுது. சொல்லுக்குச் சொல் வளருது. ஒரு நாள் பையன் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஏரி ஓரத்துல ஒரு பதுங்குகுழியில போய்க் குடியிருக்கான். அங்க அந்தச் சின்னப் பிள்ளை சத்தில்லாம செத்துப் போகுது. அப்புறம் அவனும் ரயில் நிலையத்துல அனாதையா விழுந்து சாகுறான்.

கார்ட்டூன் பார்த்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க. அந்தச் சித்தி ராட்சசி. ஆனா இந்த நாடகத்துல கதையைச் சித்தி பக்கத்துல இருந்து சொல்லியிருக்காங்க. அவங்களா நடிச்சது மட்சுஷிமா நனாகோ. அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. புருஷனைப் போர் கொண்டு போயிடுச்சு. பானையில இருக்கிறது ஒரு அளவு, சுத்தி உட்கார்ந்திருக்கிற வாய் அதைவிட அதிகம். கரண்டி அவங்க கையில. யாருக்கு ஊத்துறது, யாருக்குக் குறைக்கிறது?

கார்ட்டூன்ல ஒரு இடம் வரும். தன் பிள்ளைக்கு அடியில விட்டுக் கெட்டியா மொண்டு ஊத்துவாங்க. இவனுக்கு மேலாக மொண்ட தண்ணி. நாங்க வருஷா வருஷம் கோயில்ல கூழ் ஊத்துற ஆளுங்க. கரண்டி எவ்வளவு ஆழம் போகுதுன்னு கைக்குத் தெரியும். ஊத்துறவனுக்குத் தெரியும், ஏந்துறவனுக்கும் தெரியும்.

அதைப் பார்த்ததும் எங்க அப்பா ஞாபகம் வந்திடுச்சு.

எங்க அப்பா பிறந்தது 1930. பேராக்ல ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் காலத்துல தோட்டம் தோட்டமா ஆள் பிடிச்சு சயாம் ரயில் போடக் கொண்டு போனான். தாய்லாந்துல இருந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி 1943 அக்டோபர்ல முடிச்சான். காலரா, மலேரியா, பட்டினி, அடி. போனவங்கள்ல பல்லாயிரம் பேர் திரும்பல. எங்க தாத்தாவும் திரும்பல. அவர் தம்பியும் திரும்பல. அதே வருஷம் பாட்டியும் காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்பாவுக்கு அப்போ 13 வயசு.

அவரை வச்சுக்கிட்டது அந்தச் சித்தப்பா சம்சாரம், எங்க சின்னப்பாட்டி. புருஷனை ரயிலுக்குக் கொடுத்த பொம்பளை. கையில மூணு பிள்ளை. பர்மாவுல இருந்தும் சயாம்ல இருந்தும் வந்துக்கிட்டிருந்த அரிசி நின்னு போச்சு. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு கத்தையா இருந்தாலும் ஒரு படி அரிசி வாங்க முடியாத காலம்.

அப்பா எங்களுக்குச் சின்ன வயசுல சொன்னதெல்லாம் ஒண்ணுதான். "அவ பிள்ளைங்களுக்கு அடிக்கஞ்சி, எனக்கு மேக்கஞ்சி." 15 வயசுல கோவிச்சுக்கிட்டு வேற தோட்டத்துக்கு ஓடிட்டாரு. அப்புறம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. 1980-கள்ல சின்னப்பாட்டி தவறிட்டாங்கன்னு ஆள் வந்து சொன்னப்பவும் போகல. நாங்களும் அவங்களைக் கெட்டவங்கன்னே நினைச்சு வளர்ந்தோம். கதை கேட்ட பிள்ளைங்களுக்கு வேற என்ன தெரியும்?

அவர் சாகுறதுக்குச் சில மாசம் முன்னால ஒரு ஆடி வெள்ளி. கோயில்ல ஊத்துன கூழ் கொஞ்சம் கொண்டு வந்து கொடுத்தோம். கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "எனக்கு என்ன ஊத்துனான்னு பார்த்தேன். அவ பிள்ளைக்கு என்ன ஊத்துனான்னும் பார்த்தேன். அவ என்னத்தைக் குடிச்சான்னு நான் ஒரு நாளும் பார்க்கலடா."

அதுக்கு மேல ஒண்ணும் பேசல. எங்களுக்கும் கேட்கத் தோணல.

நாடகத்தைப் பத்திப் பேசுனப்ப கோயில்ல ஒரு அண்ணன் கேட்டாரு. "ஜப்பான்காரன் நம்ம ஆளுங்களைக் கொத்துக் கொத்தாக் கொன்னான். அவன் பிள்ளைக்கு நாம ஏன் கண்ணீர் விடணும்?" நியாயமான கேள்வி. காஞ்சனபுரியில இருக்கிற போர்க்கைதிகள் கல்லறையில கிட்டத்தட்ட 7000 பேர் புதைக்கப்பட்டிருக்காங்க. வரிசை வரிசையாக் கல்லு, பெரும்பாலும் பேரோட இருக்கு. பக்கத்துல அதே ரயிலுக்குச் செத்த எங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கு, இருக்கணும். ஆனா அந்த 4 வயசுப் பிள்ளை தண்டவாளம் போடச் சொல்லல. அந்தச் சித்தியும் சொல்லல. போரைத் தொடங்குறவன் வேற, அதுக்குக் கஞ்சி குறைக்கிறவன் வேற. ஜப்பான்லயும் சரி, பேராக் தோட்டத்துலயும் சரி, அந்த ரெண்டு வீட்டுலயும் கரண்டி பிடிச்சு நின்னது புருஷன் இல்லாத ஒரு பொம்பளை.

கதையை எழுதுனவர் நொசாகா அகியுகி. அவரும் 1930-ல பிறந்தவர், எங்க அப்பா வயசு. கோபேயில ஒரு வீட்டுல சுவீகாரப் பிள்ளையா வளர்ந்தவர். அந்த வீடு குண்டுல போச்சு. கூட இருந்த குட்டித் தங்கச்சி பட்டினியில இறந்துச்சு. கதையில வர்ற அண்ணன் மாதிரி அந்தத் தங்கச்சியைத் தான் அருமையாப் பார்த்துக்கலன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் 1967-ல கதையை எழுதுனாரு. பசி வந்தா சித்தி மட்டும் மாறுறதில்ல, அண்ணனும் மாறிடுறான். அதை ஒத்துக்கிட்டு எழுதுனதுக்கே அவரைப் பாராட்டணும்.

நம்ம பெரியவங்க இதை எப்பவோ சொல்லி வச்சிருக்காங்க. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. பெத்த தாய்க்கே அப்படின்னா, வளர்க்க வந்த சித்திக்கு?

அதுக்காக அந்தச் சித்தி செஞ்சது சரின்னு நாங்க சொல்ல வரல. பிள்ளைக்கு வலிச்சது நிஜம். சோத்தைக் காட்டிச் சொன்ன சொல்லு சாகுற வரைக்கும் மறக்காது, எங்க அப்பாவைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டோம். நாங்க கேட்கிறது வேற. அந்தத் தெருவுல எத்தனை வீடு இருந்துச்சு? அந்தத் தோட்டத்து லயத்துல எத்தனை கதவு இருந்துச்சு? சித்தி கொடுமைக்காரின்னு பேசுன அத்தனை பேர்ல ஒருத்தராவது ஒரு பிடி கிழங்கு கொண்டு வந்து அவங்க வாசல்ல வச்சாங்களா?

இதைக் கேட்க எங்களுக்கே வாய் கூசுது. ஏன்னா நாங்களும் அப்படித்தான் நடந்துக்கிட்டோம்.

நம்ம தாமான் பக்கத்துல ஒரு வீடு. யாருன்னு எழுத மாட்டோம், யாரும் கமெண்ட்ல யூகிச்சு எழுத வேண்டாம். ஒரு பையன், அம்மா முன்னாலயே இல்ல. 2021-ல கோவிட்ல அப்பாவும் போயிட்டாரு. தாய்மாமன் கூட்டிக்கிட்டுப் போனாரு. மாமன் லாரி ஓட்டுறவர், வாரத்துல நாலு நாள் வெளியூர். ஆக வளர்க்கிறது அத்தை. அவங்களுக்கே மூணு பிள்ளை. ரெண்டு ரூம் வீடு.

பையன் கோயிலுக்கு வந்துக்கிட்டிருந்தான், நல்லா உறுமி அடிப்பான். அப்புறம் வர்றது நின்னுச்சு. பள்ளிக்கும் ஒழுங்காப் போறதில்லன்னு கேள்விப்பட்டோம். கோயில் பின்னால தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நாங்க என்ன பேசுனோம் தெரியுமா? "அத்தைக்காரி சோறு போடுறதில்லையாம்." யார் பார்த்தது? யாரும் பார்க்கல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் அந்தம்மாவே கோயிலுக்கு வந்தாங்க. வேலை யூனிபார்ம் கூட மாத்தல. சொன்னாங்க: "அண்ணே, அவன் என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான். எம்பிள்ளையை நான் அடிச்சா அது கண்டிப்பு. அவனை ஒரு வார்த்தை சொன்னா ஊருக்கே அது கொடுமை. சொல்லாம விட்டா, வளர்க்கத் தெரியலங்கிறாங்க. நான் என்னதான் செய்ய?"

நாங்க என்ன செஞ்சோம்? "பொறுமையா இருங்கம்மா, அம்மனுக்கு விளக்குப் போடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டோம். விளக்குப் போடுறது நல்லதுதான். ஆனா அவங்க அன்னிக்குக் கேட்டு வந்தது விளக்கு இல்ல. கோயில் வாசல்ல வந்து ஒருத்தங்க கை நீட்டுனா, மேலாக மொண்டு ஊத்தி அனுப்பிட்டோம்.

நாடகம் பார்த்த மறுவாரம் நாங்க ரெண்டு மூணு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். இத்தனை வருஷத்துல முதல் தடவை. உட்கார்ந்து பேசுனதுல ஒரு விஷயம் தெரிஞ்சது. பையனோட அப்பா தொழிற்சாலையில வேலை செஞ்சு சொக்சோ கட்டுனவர். அப்படிக் கட்டுனவர் இறந்துட்டா, தகுதி இருந்தா, பிள்ளைக்கு 21 வயசு வரைக்கும் மாசா மாசம் பிழைத்தோர் ஓய்வூதியம் உண்டு. இதை அந்த வீட்டுல யாரும் கேட்கல. கேட்கணும்னு யாரும் சொல்லவும் இல்ல. நாங்க வேலை இடத்துல வாரத்துக்கு ரெண்டு சொக்சோ பாரம் பார்க்கிற ஆளுங்க! வாயைத் திறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இப்போ பாரம் கொடுத்திருக்கோம், பதில் வரணும்.

அதனால எங்க கருத்தை நேரடியாவே சொல்லிடுறோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை ஒரு வீட்டுத் தலையில வச்சுட்டு, மத்தவங்க எல்லாம் நீதிபதியா உட்காரக் கூடாது. பிள்ளைக்கு உதவணும்னா முதல்ல வளர்க்கிறவங்களுக்கு உதவணும். சில விஷயம் செய்யலாம்னு இருக்கோம்:

ஒண்ணு, மளிகைச் சாமான். பிள்ளை பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அந்த வீட்டுக்கே கொடுக்கணும். அந்த வீட்டுப் பிள்ளைங்களும் சேர்ந்து சாப்பிடட்டும். அப்பதான் கரண்டி கணக்குப் பார்க்காது. போட்டோ எடுக்கக் கூடாது. மைக்ல பேர் வாசிக்கக் கூடாது. 'அனாதை'ங்கிற வார்த்தை நம்ம வாயில வரவே கூடாது.

ரெண்டு, பாரம். சொக்சோ, சேமநிதி, சமூகநல இலாகா உதவி, எதுக்கு எங்க போகணும்னு தெரிஞ்சவங்க நம்மள்ல இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேசை போட்டு உட்காரலாம்.

மூணு, ஆள். 14, 15 வயசுப் பிள்ளை புத்திமதி கேட்காது. கூட நின்னு வேலை செஞ்சா கொஞ்சம் கொஞ்சமாப் பேசும். வாரத்துல ஒரு நாள் அந்தப் பிள்ளையை நாம கூட்டிக்கிட்டுப் போனா, வளர்க்கிற அம்மாவுக்கும் அன்னிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடுறோம். ஒரு வீட்டுல உண்மையாவே பிள்ளையை அடிச்சுக் கொடுமைப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா அதை மூடி மறைக்கச் சொல்லல. 15999-க்குக் கூப்பிடுங்க. ஆனா முதல்ல போய்ப் பாருங்க. தேத்தண்ணிக் கடையில கேட்டதை வச்சு ஒரு வீட்டைத் தீர்க்காதீங்க.

இந்த ஆடி வெள்ளிக்கு அந்தப் பையன் வந்தான். உறுமியைத் தொடல. யாருகிட்டயும் பேசல. அண்டா கழுவுற இடத்துல வந்து நின்னான், ஒரு பிரஷ் கொடுத்தோம், கடைசி வரைக்கும் கழுவுனான். போகும்போது ஒரு தூக்குல கூழ் கேட்டான். யாருக்குன்னு கேட்டோம். "அத்தைக்கு. இன்னிக்கு அவங்களுக்கு ஓவர்டைம்"னான். அடியில விட்டு மொண்டு ஊத்திக் கொடுத்தோம்.

உங்க பக்கத்துல இப்படி ஒரு வீடு இருந்தா எங்களுக்குத் தனியா மெசேஜ் போடுங்க. பேர், விலாசம் எதையும் இங்க பொதுவுல எழுதாதீங்க. எழுதுனதுல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

ஓம் சக்தி.
கோயில் தொண்டர்கள் சார்பா.