மருமகனுக்கு ஒரு பதில்: விஞ்ஞானிக்கு எதற்குத் தனி நெட்?



பதிவு கொஞ்சம் நீளம். பாடம் நடக்கும்போதே "டீச்சர், பெல் அடிச்சிருச்சு" என்று எழுந்து நின்ற கூட்டம்தான் நீங்கள். இன்றைக்கு பெல் கிடையாது. உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் இப்படி எழுதினான்: "வீட்டுக்கு வீடு 5ஜி வந்தாச்சு. இன்னும் விஞ்ஞானிகளுக்குன்னு ஆயிரக்கணக்கான கோடியில அரசாங்கம் தனி நெட்வொர்க் நடத்துது. யாரு வீட்டுக் காசு அத்தை?" அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல். அதில் ஆறு விரல்கள் என்னிடம் ஏழாம் வகுப்பில் அறிவியல் படித்த விரல்கள்.

மருமகனே, நீ கெட்டிக்காரன். சின்ன வயசிலேயே ரேடியோவைப் பிரித்துப் போட்டு எங்கப்பாவிடம் அடி வாங்கியவன். ஆனாலும் நீ எழுதியது தப்பு. சும்மா பேச்சுக்குச் சொன்ன தப்பு என்றால் விட்டிருப்பேன். இதே வாக்கியத்தை ஒரு அலுவலகத்தில் என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்தவள் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் படிப்பு பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம் என் மாணவர்கள். அவர்களிடம் கேட்டு, புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுகிறேன்.

நீ சொல்லும் தனி நெட்வொர்க்கின் பெயர் தேசிய அறிவு வலையமைப்பு. நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க். 2010 மார்ச்சில் 10 வருஷத்துக்கு 5,990 கோடி ரூபாய் என்று மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 1,500 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை ஒரே கண்ணாடி இழைப் பின்னலில் கோர்ப்பது திட்டம். தொகை பெரிதாகத்தான் தெரியும். வகுத்துப் பார். வருஷத்துக்கு 599 கோடி. அப்போது நாட்டு ஜனத்தொகை 120 கோடி. ஆளுக்கு வருஷத்துக்கு 5 ரூபாய். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அதற்கு முழு டீ கிடைக்காது.

அடுத்தது, போனில் வரும் நெட் போதாதா என்ற கேள்வி. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறீர்கள்.

நம்ம 18-ம் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் சின்னச் சின்ன மடை. ஒவ்வொரு வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பாயும். நடுவில் அரை மணி நேரம் தண்ணீர் நின்றால் பயிர் வாடிவிடாது. போன் நெட்டும் அப்படித்தான். லட்சக்கணக்கான பேருக்குத் துளித்துளியாகக் கொடுக்கக் கட்டியது. நீ ரீல்ஸ் பார்க்கும்போது நடுவில் நாலு துளி சிந்தினாலும் உனக்குத் தெரியாது. விஞ்ஞானிக்கு வேண்டியதோ ஒரு கண்மாயையே அப்படியே தூக்கி இன்னொரு ஊரில் கொட்டுகிற வேலை. ஒரு சொட்டுக்கூடக் குறையக் கூடாது.

சொட்டு குறைந்தால் என்ன ஆகும் என்பதை என் மாணவன் ஒருவன் விளக்கினான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். "வந்து சேர்ந்தது" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும். ஒரு பொட்டலம் காணாமல் போனால், அனுப்புகிற கம்ப்யூட்டர் "பாதையில் நெரிசல் போலிருக்கு" என்று நினைத்து வேகத்தைச் சட்டென்று பாதியாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு பழைய வேகத்துக்கு மெல்ல மெல்ல ஏற வேண்டும். பக்கத்து ஊர் என்றால் பதில் சீக்கிரம் வரும், சீக்கிரம் ஏறிவிடும். மும்பையிலிருந்து ஜெனீவா என்றால் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்க வேண்டும். ஏறி முடிப்பதற்குள் இன்னொரு பொட்டலம் தொலையும். மறுபடியும் பாதி.

அமெரிக்காவில் விஞ்ஞானத்துக்கென்றே இருக்கும் ஈஎஸ்நெட் என்ற வலையமைப்பில் ஒருமுறை ஒரு கருவி பழுதாகி, 22,000 பொட்டலத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் தவற விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தூரத்தில் இருந்தவர்களுக்கு வேகம் படுத்துவிட்டது. 22,000-க்கு ஒன்று! நான் பரீட்சைத் தாள் திருத்தியபோதுகூட அவ்வளவு சுத்தமாகத் திருத்தியிருக்க மாட்டேன். அதனால்தான் அவர்கள் பெரிய தகவலுக்குத் தனி வாசலே வைத்தார்கள். ஆபீஸ் மெயிலும் வீடியோவும் நுழைகிற வாசலில் ஒவ்வொரு பொட்டலத்தையும் சோதித்து அனுப்பும் காவல்காரன் நிற்பான். அந்த வரிசையில் கண்மாயைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. வாசலைத் தனியாக வைத்ததால் காவலே இல்லை என்று ஆகிவிடாது. அங்கே வேறு மாதிரி காவல்.

இவ்வளவு தகவல் யாருக்கு என்று கேட்பாய். ஜெனீவா செர்ன் ஆய்வுக்கூடத்தில் மட்டும் 2023-ல் வட்டுகளின் கொள்ளளவு 10 லட்சம் டெராபைட்டைத் தாண்டியது. ஒரே இடத்தில் வைத்து அலச முடியாது என்பதால் 40-க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 170 கம்ப்யூட்டர் மையங்கள் பங்குபோட்டு வேலை செய்கின்றன. அதில் நம்ம மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு, கொல்கத்தா சைக்ளோட்ரான் மையமும் உண்டு. பாதை சரியில்லையென்றால் நம் ஆட்களுக்கு அந்தப் பந்தியில் இலையே கிடையாது.

இன்னொன்று, மருமகனே. உன் சம்பளமே வலையில் ஓடுகிறது. அந்த வலை எங்கே பிறந்தது? அதே செர்னில், 1989-ல். விஞ்ஞானிகள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்ள டிம் பெர்னர்ஸ் லீ போட்ட யோசனை அது. 1993-ல் செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. அன்றைக்கு எவனாவது "வீட்டுக்கு வீடு போன் இருக்கே, விஞ்ஞானிக்கு இது எதுக்கு" என்று கேட்டு நிறுத்தியிருந்தால் நீ இன்றைக்கு என்ன வேலை பார்த்துக்கொண்டிருப்பாய்?

இதுவரை எழுதியது உன் தப்புக்குப் பதில். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை. அவள் அம்மா விடிகாலை ஜீப்பில் கேரளா ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டியபின் வருகிறவர். பிள்ளை இப்போது எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். ப்ராஜெக்டுக்கு சூரியனை எடுத்துக்கொண்டாள். ஏன் சூரியன் என்று கேட்டேன். "டீச்சர், கொடைக்கானல் நம்ம பக்கத்து மலைதானே" என்றாள்.

அந்த மலையில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டூர் போனோம், படகு விட்டோம், பிளம்ஸ் வாங்கினோம். அங்கே 1901 முதல் சூரியனைக் கவனித்துவருகிறார்கள். 1909-ல் எவர்ஷெட் என்பவர், சூரியனின் கரும்புள்ளியில் வாயு ஓடும் விதத்தை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் தகட்டுப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது.

எடுத்துக்கொள்ளலாம்தான். கணக்குப் போடுவோம், நோட்டை எடுங்கள். 4096-க்கு 4096 புள்ளி. புள்ளிக்கு 2 பைட். ஒரு படம் ஏறக்குறைய 33 மெகாபைட். கரும்புள்ளிகள் கூடிக் குறைகிற ஒரு சுற்று 11 வருஷம். நாளுக்கு ஒரு படம், மேகமில்லாத நாள் வருஷத்துக்கு 300 என்றே வைப்போம். 3,300 படம். 109 ஜிகாபைட். அந்தப் பிள்ளையின் போனில் நாளுக்கு 2 ஜிபி. வேறு ஒன்றுமே பார்க்காமல் இருந்தாலும் 55 நாள். நொடிக்கு ஒரு ஜிகாபிட் போகும் இணைப்பு இருந்தால் 15 நிமிஷம்.

ஐம்பத்தைந்து நாளுக்கும் பதினைந்து நிமிஷத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன தெரியுமா? பதினைந்து நிமிஷக்காரி ஒரு யோசனை தப்பானால் மத்தியானமே அடுத்ததைச் சோதிப்பாள். நம்ம பிள்ளைக்கு ஒரு தப்பு செய்யக்கூட வசதி இல்லை.

அவள் படிக்கும் கல்லூரியில் ஆபீசுக்கும் லேபுக்கும் சேர்த்து ஒரே லைன். பரீட்சைக் கட்டணம் கட்டுகிற வாரத்தில் அதுவும் படுத்துவிடும். மொட்டை மாடியில் நின்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இறக்கிப் பார்த்தாள். பாதியில் அறுந்து அறுந்து போயிற்று. கடைசியில் ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கி, பஸ் ஏறி மதுரைக்குப் போய், தோழியின் விடுதியில் இரண்டு நாள் தங்கிக் கொண்டுவந்தாள். நம்ம மலையில் எடுத்த படம், மதுரை போய்ச் சுற்றி வருகிறது!

சிரிக்காதீர்கள், உலகத்தில் பெரியவர்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள். 2019-ல் வெளிவந்ததே கருந்துளைப் படம், அதற்கான தகவலை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி விமானத்தில்தான் கொண்டுபோனார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை காத்துக் கிடந்தன. ஆனால் அது தென்துருவம். கோம்பையிலிருந்து மதுரைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்காகத்தான் ஒரு மனு எழுதி ஒரு அலுவலகத்துக்குப் போனேன். படித்தவர் நல்ல மரியாதையாகவே பேசினார். நாற்காலி போட்டார். கடைசியில், "அம்மா, உங்க ஊர்லதான் 5ஜி டவர் வந்துருச்சே, இன்னும் என்ன நெட்?" என்றார். மருமகனே, உன் வாக்கியம். உனக்கு அது வாட்ஸ்அப் கிண்டல். அங்கே அது மனுவைத் தள்ளி வைக்கிற காரணம்.

கோம்பையின் நிலைமையைப் பாருங்கள். பாரத்நெட் திட்டம் 2011-ல் கிராம ஊராட்சிகளுக்கென்று போட்டது. தமிழ்நாட்டில் 12,000-க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகள். நம்ம ஊரோ பேரூராட்சி. அறிவு வலையமைப்போ பெரிய நிறுவனங்களின் கேட்டோடு நிற்பது. கிராமக் கணக்கிலும் நாம் இல்லை, அறிவாளிக் கணக்கிலும் இல்லை. கால்வாய் பக்கத்தில் ஓடும், மடை நமக்கு இல்லை. கடைமடைக்காரனின் வயிற்றெரிச்சல் உங்கள் அப்பன் தாத்தாவுக்குத் தெரியும், கேளுங்கள்.

நியூட்ரினோவை எழுதாமல் விட்டால் தேவாரம் பக்கத்து ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,500 கோடி, பொட்டிபுரம் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பு. மலையும் மதிகெட்டான் காடும் என்ன ஆகுமோ என்று பயந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பயம் தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன். 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்று சொன்னது. ஆனால் அத்தனை வருஷக் கூட்டத்தில், வெடி, தண்ணீர், புலி எல்லாவற்றையும் கேட்ட நாம், "இங்கே சேரும் தகவல் எந்த வழியாகப் போகும், அந்தக் கம்பி எங்கள் கல்லூரிக்கும் வருமா" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேண்டும் என்றவர்களும் அதைச் சொல்லவில்லை.

நீ அடுத்து என்ன சொல்வாய் என்று தெரியும். "அத்தை, இப்பல்லாம் தகவலை இறக்கவே வேண்டாம், கிளவுடிலேயே கணக்குப் போடலாம்." பாதி நியாயம். ஆனால் அதற்கு வாடகை உண்டு. பணம் கட்ட கார்டு வேண்டும். ஏலக்காய் பறிக்கிற கூலியில் அது நடக்காது. அரசாங்கமே 2015-ல் ஆரம்பித்த சூப்பர் கம்ப்யூட்டர் திட்டம் இருக்கிறது, நாடு முழுக்க இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கோர்ப்பதும் இதே அறிவு வலையமைப்புதான். சுற்றிச் சுற்றி அதே மடைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அதனால் அந்தத் தனி நெட்வொர்க்கை மூடச் சொல்லாதே. நம்ம பள்ளத்தாக்கில் இருக்கும் கல்லூரிகளுக்கும் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அதிலிருந்து ஒரு கிளை கேள். கேட்கிற இடத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! வருவாய்த் துறையில் இரண்டு பேர், தொலைத்தொடர்பில் ஒருவர், சென்னை செயலகத்தில் ஒருவர் என் கணக்கிலேயே இருக்கிறீர்கள். பெயர் போடமாட்டேன், உங்களுக்கே தெரியும். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்தப் பிரிவு என்று எழுத வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். திருத்தி மறுபடி எழுதுகிறேன். கையெழுத்துக்குத் தெருத்தெருவாக நான் போகிறேன், முட்டி வலியோடு.

கருத்துப் பகுதியில் ஸ்டிக்கர் போடாதீர்கள். வாக்கியமாக எழுதுங்கள், ஒற்றுப்பிழை பார்க்க மாட்டேன்.

மருமகனே, பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அந்தப் பிள்ளைக்கு அடுத்து 1920-களின் படங்கள் வேண்டுமாம். பட்டியல் அனுப்பி வைக்கிறேன். உன் ஆபீஸ் லைனில் வேண்டாம், வீட்டு லைனில் இறக்கி, ஒரு டிஸ்க்கில் போட்டு எடுத்து வா. டிஸ்க்குக்கு உண்டான காசை அத்தை தருகிறேன்.