நொண்டுற ஆடும் நம்ம புண்ணியக் கணக்கும்

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்த எரிச்சல். இன்னிக்குக் கொட்டிடறேன். கோவிச்சுக்காதீங்க மக்களே.

பவுர்ணமிக்குப் பவுர்ணமி எங்க திருவண்ணாமலையில 14 கிலோமீட்டர் மலை சுத்துற கூட்டம் உங்களுக்குத் தெரியும். வழியில நிக்கிற மாட்டுக்கு அகத்திக்கீரை, வாழைப்பழம், மிச்சமிருந்தா ஒரு தொன்னை பொங்கல். தொட்டுக் கும்பிட்டுட்டு நடையைக் கட்டிடுவாங்க. அந்த மாடு எந்தக் காலைத் தூக்கிட்டு நிக்குதுன்னு குனிஞ்சு பார்த்தவங்க எத்தனை பேரு?

கீரையில தப்பில்லீங்க. சோறும் பொங்கலும்தான் வினை. அசைபோடுற வயித்துக்குள்ள மாவுச்சத்து மொத்தமா போனா புளிச்சு அமிலமாகும். அதோட பாதிப்பு குளம்பு வரைக்கும் இறங்கும். உள்ளே வீக்கம், வலி, அப்புறம் நொண்டல். புண்ணியம் நமக்கு, வலி மாட்டுக்கு. நல்லா இருக்குல்ல?

மாட்டுக்காவது கும்பிட ஆள் இருக்கு. செம்மறி ஆட்டுக்கு நாதியே இல்லை. நொண்டுதுன்னு சொன்னா ரெண்டே பதில்தான். "கல்லு குத்தியிருக்கும் சார்", இல்லேன்னா "கறிக்குத் தள்ளிடுங்க".

நானும் யோக்கியன் இல்லை. ஆசைக்கு நாலு செம்மறி வாங்கி வளர்த்தேன். ஐப்பசி மழையில பட்டியெல்லாம் சேறு. ஒண்ணு நொண்டுச்சு. யாரோ சொன்னாங்கன்னு கத்தியை எடுத்து ரத்தம் வர்ற வரைக்கும் குளம்பைச் சீவி, மண்ணெண்ணெய் ஊத்தினேன். அது முட்டி போட்டு மேய ஆரம்பிச்சுது. ஒரு வாரத்துல இன்னும் ரெண்டு நொண்டுச்சு. டாக்டர் வந்து குளம்பிடுக்கை விரிச்சுக் காட்டினப்ப அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. குளம்பு அழுகல். ஈரத்துல ஊறின தோல் வழியா கிருமி நுழைஞ்சு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் பரவுற தொற்று நோய். கல்லு குத்தினா ஒரு ஆடு நொண்டும். பட்டியே நொண்டினா அது கல்லு இல்லீங்க, நம்ம அலட்சியம்.

சீவினா சரியாகும்ங்கிற நம்பிக்கை இங்கே மட்டுமில்லை, பிரிட்டன்லயும் இருந்துச்சு. 2010-ல வார்விக் பல்கலைக்கழகக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, குளம்பைச் சீவாம ஆன்டிபயாடிக் ஊசியும் ஸ்பிரேயும் கொடுத்த ஆடுங்கதான் சீக்கிரம் தேறுச்சு. சீவினதுங்க பின்தங்கிடுச்சு. என் கத்தியை நினைச்சு எனக்கே வெட்கமா போச்சு.

எல்லா நொண்டலும் ஒண்ணும் இல்லை. வாயில கொப்புளம், எச்சில் ஒழுகல், குளம்பிடுக்குல புண் இருந்தா கோமாரி. உதடும் மூஞ்சியும் வீங்கி, குளம்புக்கு மேல சிவந்திருந்தா நீலநாக்கு, சின்னக் கொசு மாதிரிப் பூச்சி பரப்புறது. ரெண்டுக்கும் தடுப்பூசி உண்டு. கோமாரிக்கு 2019-லேர்ந்து மத்திய அரசுத் திட்டமே இருக்கு. ஊசி போட ஊருக்குள்ள வர்றப்ப "பால் குறைஞ்சிடும்"னு மாட்டை ஒளிச்சு வைக்கிறவங்களை என்ன சொல்றது?

அடுத்த கூத்து, நொண்டுறதைக் குறைஞ்ச விலைக்குச் சந்தையில தள்ளுறது. தீபத்துக்கு இங்கே கூடுற மாட்டுச் சந்தை மழைக்காலத்துலதான் வருது. தொற்று நோய் வந்த கால்நடையைச் சந்தைக்கு ஓட்டக்கூடாதுன்னு 2009-ம் வருஷச் சட்டமே சொல்லுது. விக்கிறவர் நஷ்டத்தைத் தள்ளிவிட்டதா நினைக்கிறார். வாங்கினவர் நோயை ஓட்டிட்டுப் போறார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பட்டி மேடா, காய்ஞ்சு இருக்கணும். புதுசா வாங்கினதை மூணு வாரம் தனியா கட்டணும். நொண்டினா அன்னிக்கே பிரிச்சு டாக்டரைக் கூப்பிடணும், 1962-க்கு அடிச்சா வண்டியே வரும். 10 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ ஜிங்க் சல்பேட் கரைச்சு, அதுல பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆட்டை நிறுத்தி, காய்ஞ்ச தரையில விடணும். மயில்துத்தம் வேண்டாம். செம்மறிக்குத் தாமிரம் ஆகாது, தாகத்துல குடிச்சா உயிரே போகும்.

என் நாலுல மூணு தேறிடுச்சு. நான் சீவினது தேறலை.

அடுத்த பவுர்ணமிக்கு வர்றவங்க பொங்கலை நீங்களே சாப்பிடுங்க. மாட்டைக் கும்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதோட காலைப் பாருங்க. நொண்டினா, அதுக்குச் சொந்தக்காரர் யாருன்னு தேடிப் பிடிச்சுச் சொல்லுங்க. அதுவும் புண்ணியம்தான்.