சாலையைக் கடக்க எத்தனை விநாடி?

சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளில் காலை ஏழு மணி என்பது பரபரப்பான நேரம். பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள், ஈரச்சந்தைக்குப் போகும் மூத்தோர், எம்ஆர்டி நிலையத்தை நோக்கி விரையும் ஊழியர்கள், பேருந்துகள், கார்கள், மிதிவண்டிகள் என அனைவரும் ஒரே சாலைச் சந்திப்பில் கூடுகின்றனர். இத்தகைய சந்திப்புகளை மேம்படுத்த வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், மேம்படுத்துவது என்றால் என்ன? வாகனங்கள் விரைந்து செல்ல வழி செய்வதா? நடப்பவர்கள் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்வதா? கருத்து வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது.

நெரிசல் மிகுந்த சந்திப்பைக் கண்டதும் பலர் கூறும் தீர்வு, சாலையை அகலப்படுத்துவது. ஒரு தடம் கூடினால் வாகன வரிசை குறையலாம். எனினும், ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர். இரண்டு தடங்களைக் கூட்டினால், சாலையைக் கடப்பவர் 6 மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும். விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது பல நாடுகளில் சாலைப் பொறியாளர்கள் கணக்கில் கொள்ளும் நடைவேகம். அந்த வேகத்தில் 18 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க 15 விநாடி போதும். ஊன்றுகோலுடன் விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 22 விநாடிக்கு மேல் ஆகும். அதே சாலை 24 மீட்டராக விரிந்தால், அவருக்கு 30 விநாடி தேவைப்படும். வாகனங்கள் பெறும் வசதிக்கு அவரே விலை கொடுக்கிறார்.

ஆகவே, ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனங்கள் கடந்து செல்கின்றன என்பதை மட்டும் கொண்டு ஒரு சந்திப்பை மதிப்பிடக் கூடாது. மிக மெதுவாக நடப்பவரால் அதை அச்சமின்றிக் கடக்க முடிகிறதா என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். அவருக்குப் பாதுகாப்பான சந்திப்பு, குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்து வரும் தாய்க்கும் சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் பாதுகாப்பானதாகவே இருக்கும்.

சந்திப்புகளில் ஆபத்து மிகுந்த தருணங்களுள் ஒன்று, வாகனங்கள் வலப்பக்கம் திரும்பும் நேரம். சிங்கப்பூரில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கத்தில் செல்கின்றன. வலப்பக்கம் திரும்பும் ஓட்டுநர், எதிரே வரும் வாகனங்களுக்கு இடையே இடைவெளி தேட வேண்டும். அதே வேளையில், அவர் நுழையப்போகும் சாலையைக் கடந்துகொண்டிருப்பவர்களையும் கவனிக்க வேண்டும். கண் ஒரு பக்கம் இருக்கும்போது, கவனம் மறுபக்கத்தைத் தவறவிடக்கூடும். வலப்பக்கம் திரும்புவதற்கெனச் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்பு விளக்குகள் இருந்தால், அந்தத் தடுமாற்றத்திற்கு இடமில்லை. சிவப்பு அம்பு எரியும்போது வாகனம் காத்திருக்கும். நடப்பவர்கள் கடந்து முடிப்பார்கள். இவ்விளக்குகளை மேலும் பல சந்திப்புகளில் விரைவாகப் பொருத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் 2018இல் அறிவித்தது. அது சரியான திசையில் எடுத்து வைத்த அடியாகும்.

இத்தகைய மாற்றங்களால் வாகனமோட்டிகளின் காத்திருப்பு நேரம் கூடும் என்பது சிலரின் வாதம். அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஓர் இரட்டை மாடிப் பேருந்தில் நூறு பேருக்கு மேல் பயணம் செய்யலாம். அவர்களுக்கும் நேரம் முக்கியம். அவசர மருத்துவ வாகனத்திற்கோ ஒவ்வொரு விநாடியும் உயிர் போன்றது. ஆனால், இழக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு? போக்குவரத்து விளக்கின் ஒரு சுற்று 120 விநாடி நீடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 30 சுற்றுகள் வரும். ஒவ்வொரு சுற்றிலும் நடப்பவர்களுக்கு 6 விநாடி கூடுதலாக அளித்தால், மொத்தம் 3 நிமிடம். தேவைப்படும் 5 சுற்றுகளில் மட்டும் அளித்தால், அது வெறும் 30 விநாடிதான்.

தேவைப்படும்போது மட்டும் நேரத்தைக் கூட்டும் ஏற்பாடு சிங்கப்பூரில் ஏற்கெனவே உள்ளது. 2009இல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ திட்டத்தின்கீழ், மூத்தோர் தங்கள் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால், பச்சை மனிதன் விளக்கு கூடுதலாக 3 முதல் 13 விநாடி வரை எரியும். சாலையின் அகலத்திற்கேற்ப அந்நேரம் மாறும். அட்டை காட்டப்படாத வேளைகளில் வாகனங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. பாதுகாப்பும் சீரான போக்குவரத்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

“நடப்பவர்கள் கவனமாக இருந்தால் போதாதா?” என்றும் சிலர் கேட்பர். கைப்பேசியைப் பார்த்தபடி சாலையைக் கடப்பது தவறுதான். ஆனால், மனிதர்கள் எப்போதாவது தவறு செய்யவே செய்வார்கள். அந்தத் தவறுக்கு உயிரே விலையாகிவிடக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் நகர்ந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 8 மீட்டர்தான் நகரும். ஓட்டுநர் சுதாரித்துக்கொள்வதற்குள் கழியும் அந்த ஒரு விநாடியில் உள்ள 6 மீட்டர் வேறுபாடு, ஓர் உயிரைக் காக்கக்கூடும். மூத்தோர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் 2014 முதல் அமைக்கப்பட்டுவரும் ‘சில்வர் ஸோன்’ வட்டாரங்கள் இந்த அடிப்படையில்தான் வாகனங்களின் வேகத்தைக் குறைக்கின்றன. சாலையின் நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு இருந்தால், முதியவர் சாலையை இரண்டு பகுதிகளாகக் கடக்கலாம்.

2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார். இன்று பச்சை விளக்கு அணைவதற்குள் ஓடிக் கடக்கும் இளையர்களும் ஒரு நாள் அந்த வயதை எட்டுவார்கள். எனவே, ஒரு சந்திப்பை மாற்றியமைக்கும் முன், அதைத் தினமும் நடந்து கடக்கும் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் தயங்கி நிற்கிறோம், எந்த வாகனத்தைக் கண்டு அஞ்சுகிறோம் என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை. விபத்து நடந்த பிறகு விளக்கைப் பொருத்துவதைவிட, நடப்பதற்கு முன்பே சில விநாடிகளை விட்டுக்கொடுப்பது மேல்.